உருளைக் கூடத்து வெக்கை

என் அக்கா விழுந்த அன்று அந்தக் கூடத்துக்குள் எவ்வளவு வெப்பம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வெப்பமானி வாங்கி மாட்டுவது எங்கள் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் இருந்தது. முதல் கட்டமே தொடங்கியிருக்கவில்லை.

எங்கள் திட்டம் என்று எழுதும்போது கை தயங்குகிறது. திட்டம் அத்தானுடையது. வாக்கியங்கள் என்னுடையவை. நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவன். கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். வீடு முன்னால், நடுவில் சிமென்ட் முற்றம், முற்றத்துக்கு அப்பால் சலவைக்கூடம். கூடத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு பாய்லர் கொட்டகை.

மூன்று விடுதிகளின் விரிப்புகளும் ஒரு மருத்துவமனையின் விரிப்புகளும் அங்கே வரும். துவைத்துப் பிழிந்ததை ஈரத்தோடு உருளைக்குக் கொண்டுபோவார்கள். ஆள் நீளத்துக்கும் அதிகமான இரும்பு உருளை, உள்ளே நீராவி. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் வெந்து வெளியே வருவதை வாங்கி மடிப்பார்கள். வாங்கும் பக்கம்தான் கொடுமை. முன்னால் கொதிக்கும் துணி. முதுகுக்குப் பின்னால், தோள் உயரத்தில், பாய்லரிலிருந்து வரும் நீராவிக் குழாய். சுவரைச் சுற்றி மூன்று பக்கமும் மேல்மூடி எதுவும் இல்லாமல் வெறும் இரும்பாக ஓடும். தவறிப் பட்டால் தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

கூடத்துக்கு ஆறு ஜன்னல்கள் உண்டு. கோடையில் ஒன்றும் திறக்கப்படாது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எங்கள் புகைபோக்கியின் கரி உள்ளே வந்து வெள்ளைத் துணியில் உட்காரும். ஒரு புள்ளி விழுந்தாலும் மறுபடி துவைக்க வேண்டும். எங்கள் புகைக்குப் பயந்து எங்கள் ஜன்னல்களை நாங்களே சாத்தி வைத்திருந்தோம். இதில் ஒரு விசித்திரம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அத்தான் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்தத் தெருவில் பட்டறைகள், அச்சகம், ரொட்டி அடுப்பு என்று எத்தனையோ இருந்தன. தன் புகையை அண்ணாந்து பார்த்துக் கவலைப்பட்ட ஒரே முதலாளி அவர்தான். காலையில் தேநீர்க் குவளையோடு முற்றத்தில் நின்று, "பாத்தியா மாப்ள, இது மேல போறதோட முடிஞ்சுதுன்னு நெனைக்காத. சுத்திட்டு வந்து நம்ம தலையிலதான் வெயிலா இறங்குது" என்பார். ஒவ்வோர் ஆண்டும் கோடை முன்னதாக வருவதையும் தாமதமாகப் போவதையும் செய்தித்தாளிலிருந்து வெட்டி வெட்டி ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருந்தார்.

அந்தக் கோப்புதான் வளர்ந்து திட்டமானது. விறகுப் பாய்லரே இல்லாத சலவைக்கூடம். கூரை முழுக்கச் சூரியப் பலகைகள். துவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி துவைப்பது. எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில். நாலு ஆண்டுகளில் அதை எட்டு முறை திருத்தி எழுதியிருந்தோம். வேலையாட்கள் அவரை நேரில் முதலாளி என்பார்கள். பின்னால் அவருக்குப் பெயர் 'முழுசு'. எதைக் கேட்டாலும் முழுசா பண்ணலாம் என்பார், அதனால்.

அவருக்கு ஒரு பயம் இருந்தது. இரண்டு தெரு தள்ளி இன்னொரு சலவைக்காரர் கூரையில் இரண்டு பலகைகளை மாட்டிவிட்டு, துணி ஏற்றும் வண்டியில் பெரிய பச்சை இலை ஒன்றை வரைந்திருந்தார். அத்தான் அந்த ஆளை 'இலைக்காரன்' என்றுதான் சொல்வார்.

"ரெண்டு பலகை. ஆபீஸ்ல ரெண்டு லைட் எரியும். பாய்லர்ல அதே பழைய டயரைத்தான் போட்டு எரிக்கிறான். வண்டியில மட்டும் இலை! என்னால அந்த நடிப்பு முடியாது. பண்ணா முழுசா பண்ணணும், இல்லன்னா சும்மா இருக்கணும்."

"அவன் இலை வரையட்டும், பூ வரையட்டும்" என்றாள் அக்கா. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அது. வேகவைத்த உருளைக்கிழங்கை உரித்து மிளகுத்தூள் தூவி எங்கள் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். "நாம ஒண்ணும் வரைய வேணாம். அந்தக் குழாய்க்கு ஏதாச்சும் துணியைச் சுத்தி விடுங்கன்னுதான் கேக்கறேன். வாங்குற பக்கம் நிக்கிறவளுங்க முதுகு வெந்து போகுது."

"குழாயே இருக்கப் போறதில்லடி. புது மெஷின் வந்தா நீராவியே கிடையாது. கழட்டி எறியப் போற குழாய்க்குச் சட்டை தைக்கச் சொல்றியா?"

"எப்ப எறியப் போறீங்க?"

"திட்டம் முடியட்டும்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. கேட்டுக் கேட்டு அந்தக் குழாய்க்கே சிரிப்பு வருது."

"சரி, குழாயை விடு. வேற என்ன?"

"மத்தியானம் ரெண்டு மணி நேரம் பாய்லரை அணைங்க. விடிஞ்சதும் ஆரம்பிச்சு அதை ஈடு கட்டிக்கலாம். விடுதிக்காரன்கிட்ட நானே பேசறேன்."

"ரெண்டு மணி நேரத்துல எவ்வளவு புகை குறையும்னு நெனைக்கிற? நூத்துல பத்து. பத்துக்கா இவ்வளவு பாடு?"

பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகள், வீட்டில் பாப்பா, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பத்துன்னா பத்துதானேப்பா. சைபர் இல்லையே."

"உங்க அம்மாவுக்கு வக்கீலா நீ?"

எல்லாரும் சிரித்தோம். நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். அதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "அக்கா, கந்தல் துணியைச் சுத்தி உலகத்தைக் காப்பாத்த முடியாது" என்றேன்.

அக்கா என் தட்டில் இன்னொரு கிழங்கை வைத்தாள். "உலகத்தை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்கடா. நான் அந்த ஒரு ரூமைத்தான் கேக்கறேன்."

அந்த ஆண்டுக் கோடை மார்ச் மாதமே வந்துவிட்டது. மே மாதத்தில் முற்றத்துச் சிமென்டில் காலை பத்து மணிக்கே வெறுங்காலை வைக்க முடியவில்லை. காக்கைகள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. அக்கா பெரிய வாளியில் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து கூடத்து வாசலில் வைப்பாள். மத்தியானத்துக்குள் மூன்று வாளி காலியாகும்.

அன்று உருளையில் நிற்கும் நாலு பேரில் இரண்டு பேர் வரவில்லை. ஒருத்திக்கு முந்தின நாளிலிருந்து வாந்தி. இன்னொருத்திக்கு வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. மருத்துவமனை விரிப்புகள் மாலைக்குள் போயாக வேண்டும். பாப்பா கல்லூரியிலிருந்து வரவில்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாங்கும் பக்கம் போய் நின்றாள்.

நானும் அத்தானும் முன்னறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒன்பதாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தோம். முதல் பக்கத்தில் ஒரு சொல் சிக்கிக்கொண்டது. 'புகையைக் குறைப்போம்' என்று நான் எழுதியிருந்தேன்.

"குறைப்போமா? அது என்ன மாப்ள, பேரம் பேசற மாதிரி? ஒழிப்போம்னு போடு."

"ஒழிப்போம்னா நாளைக்கே ஒழியணும்னு கேப்பாங்க அத்தான்."

"கேக்கட்டும். அப்பத்தான் நமக்கும் ரோசம் வரும்."

ஒரு மணி அளவில் அக்கா வாசலில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "லேசா தலை சுத்துது. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போறேன்" என்றாள். அத்தான் நிமிர்ந்து பார்த்தார். "உக்காரேன் கொஞ்சம்" என்றார். "இன்னும் நாப்பது விரிப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது என் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள். நான் காகிதம் கசங்காமல் நகர்த்தி வைத்தேன்.

நாங்கள் அந்தச் சொல்லுக்குத் திரும்பினோம். ஒழிப்போம், குறைப்போம், அறவே நீக்குவோம். நேரம் எவ்வளவு போனது என்று தெரியாது.

உருளையம்மா ஓடி வந்தார். உருளையில் இருபது ஆண்டுகளாக நிற்பவர். அதனால் எல்லாருக்கும் அவர் உருளையம்மாதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "முதலாளி, அம்மா விழுந்துட்டாங்க" என்றார்.

அத்தான் எழுந்திருக்கவில்லை. பேனாவின் மூடியைத் தேடினார். மேசையில் தேடி, மடியில் தேடி, கண்டுபிடித்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் நான் முற்றத்தைத் தாண்டிவிட்டேன்.

மடிக்கும் மேசையின் காலருகே கிடந்தாள். கையைத் தொட்டேன். தொட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் உருளையிலிருந்து வந்த துணி போல இருந்தது. வேர்வை இல்லை. அது என்னைத் திகைக்க வைத்தது. அந்த அறையில் எல்லாரும் நனைந்திருந்தோம். அவள் மட்டும் காய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. "ஆஸ்பத்திரிக் கட்டு ஏத்தியாச்சா?" என்றாள், தெளிவாக, என்னைத் தாண்டி யாரிடமோ. அதன் பிறகு பேசவில்லை.

துவைத்த ஈர விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து மேலே போர்த்தினோம். போட்ட கொஞ்ச நேரத்தில் அவையும் சூடாகின. எடுத்துவிட்டு வேறு போட்டோம். உருளையம்மா எலுமிச்சைத் தண்ணீர் வாளியை அப்படியே தலையில் கவிழ்த்தார். மேலே ஆறு ஜன்னல்களும் சாத்தியிருந்தன. அத்தான் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனார். ஒரு ஜன்னலின் தாழ்ப்பாள் துருப்பிடித்து வரவில்லை. அதோடு போராடிக்கொண்டே இருந்தார். மருத்துவ ஊர்தி வந்து அவளை ஏற்றும்போதும் அந்த ஜன்னலைவிட்டு அவர் நகரவில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். "உடம்புச் சூடு நாப்பத்திரண்டு டிகிரியைத் தாண்டியிருந்துச்சு. எங்க வேலை பார்த்தாங்க? செங்கல் சூளையா?" என்று கேட்டார்.

"வீட்லதான்" என்றார் அத்தான்.

அது பொய் இல்லை. அதனால்தான் அது என்னை இன்றுவரை விடவில்லை.

அன்று மாலையே அக்கா போய்விட்டாள். அவளைப் போர்த்திக் கொண்டுவந்த விரிப்பின் மூலையில் எங்கள் கூடத்துச் சலவைக் குறி இருந்தது.

எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் காலை நான் முற்றத்துக்கு வந்தபோது புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து நாலு முறை ஆள் வந்துவிட்டது. நோயாளிகளுக்குப் போட விரிப்பு இல்லை. அத்தான் பாய்லரைப் பற்றவைக்கச் சொல்லியிருந்தார். அவர் முன்னறையில் இருந்தார். சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, மேசை முன்னால்.

"வா மாப்ள. உக்காரு." குரல் சாதாரணமாக இருந்தது. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். திட்டத்துக்குப் புதிய முதல் பக்கம். மேலே அக்காவின் பெயர். "இனி இது அவ பேர்ல வருது. ஒரு குறை இருக்கக்கூடாது. தண்ணி விசயம் அரைகுறையா இருக்குன்னு உனக்கே தெரியும். அதை முதல்ல இருந்து எழுதணும். இன்னும் ஒரு வருசம் ஆனாலும் ஆகட்டும். முழுசா பண்ணிருவோம். படிச்சுப் பாரு."

நான் படித்தேன். ஒரு எழுத்துப்பிழை இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்தினேன். திருத்திய பிறகுதான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன்.

கூடத்தில் உருளை ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.

வாங்கும் பக்கத்தில், அக்கா நின்ற இடத்தில், பாப்பா நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியைத் தூக்கிக் கட்டி, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் குழாய்.

"பாப்பா, நீ எங்க இங்க?"

"ஆள் பத்தல மாமா. ரெண்டு பேர் வேலையை விட்டு நின்னுட்டாங்க."

"நீ போ உள்ள. நான் நிக்கறேன்."

"உங்களுக்கு மடிக்கத் தெரியாது. மாமா, தள்ளுங்க, துணி வருது."

துணி வரவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற உருளையம்மா விரிப்பின் முனையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தொட்டியில் போட்டுவிட்டு உருளையை நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளை அங்க நிக்கும்போது துணி விட எனக்குக் கை வரல தம்பி."

"ஆஸ்பத்திரிக்கு..."

"தெரியும். விடத்தான் போறேன். ஆனா இந்தக் குழாய் இப்படி இருக்கும்போது விட மாட்டேன்." மூலையில் கழித்துக் கட்டிய கம்பளிகள் கிடந்தன. மருத்துவமனை வேண்டாம் என்று ஒதுக்கியவை. கிழித்துத் துடைப்பதற்கு வைத்திருந்தோம். அவர் அந்த மூட்டையைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். "இதைச் சுத்துவோம்."

"அத்தான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டவங்க போயிட்டாங்க" என்றார் உருளையம்மா.

பாய்லர்காரரைக் கூப்பிட்டு நீராவியை அடைக்கச் சொன்னோம். எலும்பும் தோலுமான மனிதர். கரி படிந்து எந்த வயது என்றே சொல்ல முடியாது. கம்பளிகளைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, குழாய்க்குக் குளிர் காய்ச்சலா?"

"ஆமா. நீங்க வந்து நாடி பாருங்க."

"பாத்துட்டாப் போச்சு. அவசரப்படாதீங்க, முதல்ல ஆறட்டும். சுத்தும்போது வால்வு பக்கத்தை மட்டும் விட்டுருங்க. கசிஞ்சா கண்ணுக்குத் தெரியணும். ரெண்டு சுத்து போதாது, நாலு போடுங்க. கட்டக் கயிறு வேணாம், கருகிப் போகும்."

உடைந்த சட்டை மாட்டிகளை நிமிர்த்திக் கம்பியாக்கினோம். பாப்பா நீளத்தைக் கையால் அளந்து சொன்னாள், உருளையம்மா கிழித்தார், நான் பிடித்தேன், பாய்லர்காரர் முறுக்கினார். பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பல் நிறம், பழுப்பு நிறம், ஓர் இடத்தில் நீலக் கோடு, அங்கங்கே பிதுங்கிக்கொண்டு, அடிபட்டவனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி. இரண்டு பக்கச் சுவர்தான் முடிந்தது. ஆற வைத்த நேரத்தையும் சேர்த்து நாலு மணி நேரம்.

பாய்லரை மறுபடி ஏற்றினார்கள். முதலில் கம்பளி கருகும் நாற்றம் வந்தது. பிறகு அடங்கியது. உருளை ஓடியது. நாங்கள் ரொட்டியைத் தேநீரில் நனைத்து நின்றபடியே தின்றோம்.

மத்தியானம் இரண்டு மணி. வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. "தம்பி, இங்க வாங்க" என்றார் உருளையம்மா. "இந்த இடத்துல நில்லுங்க."

அக்கா விழுந்த இடத்தில் நின்றேன். சூடுதான். நெற்றியில் வேர்வை வழிந்தது. ஆனால் முதுகு எரியவில்லை. மூச்சு இழுக்க முடிந்தது. ஒரு நிமிடம் நின்றேன், இரண்டு நிமிடம் நின்றேன். நின்றுகொண்டே இருக்க முடிந்தது. மனிதர் வேலை பார்க்கக்கூடிய ஓர் அறையாக அது ஆகியிருந்தது.

பாய்லர்காரர் வாசலில் தலையை நீட்டினார். முகத்தில் காலையில் இருந்த கேலி இல்லை. "அழுத்தம் காட்டுற ஊசி இறங்கவே மாட்டேங்குது. மூணு தடவை விறகு தள்ற நேரத்துல ரெண்டு தடவைதான் தள்ளியிருக்கேன். வந்து புகையைப் பாருங்க, பாதி ஆளா மெலிஞ்சு நிக்குது."

நான் வெளியே போகவில்லை. பாப்பா மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவுதானா மாமா?" என்றாள். "இவ்வளவுதானா?"

நாலு மணி நேரம். குப்பைக்குப் போகவிருந்த கம்பளி. உடைந்த மாட்டிகள். எட்டு முறை நான் அழகாக எழுதினேனே, அதில் ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரம்தான் இது. மடிக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

நாற்றம் வீடு வரை போயிருக்க வேண்டும். அத்தான் வந்தார். வாசலைத் தாண்டி இரண்டு அடி உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். அந்தக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் நுழைந்தவர். அவர் முகத்தில் அடிக்கும் வெக்கை அன்று அடிக்கவில்லை. என்ன நடந்திருக்கிறது என்று குழாயைப் பார்ப்பதற்கு முன்பே அவர் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

"பிரிங்க" என்றார்.

யாரும் அசையவில்லை.

"பிரிங்கங்கறேன்! என்ன அசிங்கம் இது? யாரு சொல்லி இதைச் செஞ்சீங்க? இது திட்டத்துலயே இல்ல!" குழாயிடம் போய்க் கம்பி முறுக்கை விரலால் பிரிக்கப் பார்த்தார். சூடு ஏறிய கம்பி. விரல் சுட்டும் விடவில்லை. பாப்பா ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்பா, இங்க நான்தான் நிக்கறேன். அப்பா, என்னைப் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஐந்து நாட்களில் முதல் முறையாக யாரையோ பார்ப்பது போல.

"இதுனால ஒண்ணும் ஆகாது பாப்பா" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கந்தல் துணி. இதுனால என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. மாப்ள, நீ சொல்லு. நீதான் அன்னிக்கே சொன்னியே. ஆகாதுன்னு சொல்லு. யாராச்சும் ஆகாதுன்னு சொல்லுங்களேன்."

உருளை ஓடிக்கொண்டிருந்தது.

"ஆகுது முதலாளி" என்றார் உருளையம்மா.

அத்தான் உள்ளங்கையைக் கம்பளியின் மேல் வைத்தார். முப்பது ஆண்டுகளாக யாரும் தொடாமல் ஒதுங்கி நடந்த குழாய் அது. கையை எடுக்கவில்லை. கை தாங்கியது. வெகுநேரம் அப்படியே நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. அவர் அழுகைக்கு நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. உருளையம்மா சத்தமில்லாமல் அடுத்த விரிப்பை எடுத்து உள்ளே விட்டார். பாப்பா போய் வாங்கினாள்.

பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பின்பக்கச் சுவரு?"

"இன்னும் சுத்தலப்பா" என்றாள் பாப்பா. "கம்பளி கொஞ்சந்தான் இருக்கு. முழுக்க வராது."

அத்தான் மூட்டையின் அருகே தரையில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த கம்பளிகளில் ஒன்றை உருவி மடியில் விரித்து, எங்கே கிழிப்பது என்று ஓரத்தைத் தேடினார்.

"வர்ற வரைக்கும் சுத்துவோம்" என்றார். "பாய்லரை அணைக்கச் சொல்லு."